மென்னுலோகப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும்

உலோகத்தின் இயல்புகள் யாவை என வினவப்படும் மாணவன், அது பளபளப்புடையது, வெப்பத்தையும் மின்னையும் கடத்துவது, அடித்தால் தகடாவது, இழுத்தால் கம்பியாவது என்று தயக்கமின்றி விடை கூறுவான். விடை சரியானதே. ஆயினும் அவன் கையிற் செம்புத் தகடொன்றையும் மரச் சுத்தியலொன்றையும் கொடுத்து, இதனைக் கிண்ணமாக்குக எனின், சிறிது நேரத்தில் அவன் கற்ற விடை அவனைக் கைவிட்டுவிடும். முதலில் இணங்கி வளைந்த தகடு அடிக்க அடிக்க இறுகும்; பின்னர் அடியை ஏற்க மறுத்துத் திமிறும்; அப்பொழுதும் விடாது அடிப்பின் விளிம்பில் வெடிக்கும். அடித்தால் தகடாவது என்று நூல் கூறிய பொருள், அடித்தமையால் வெடிப்பதேன்? மென்னுலோகக் கல்விக்கு இவ்வினாவே வாயிலாகும்.

மென்மை என்பது ஓர் உலோகத்துக்கு என்றைக்குமென விதிக்கப்பட்ட குணமன்று. அவ்வுலோகம் அவ்வேளையில் நிற்கும் நிலையே அது. அடியாற் குறையும், வெப்பத்தால் மீளும். இத்தகைய நிலையைக் குறிக்கத் தமிழிலே 'பதம்' என்னும் அரிய சொல் வழங்குகின்றது. சோற்றுக்கும் பாகுக்கும், உழவுக்குரிய நிலத்துக்கும் குயவன் பிசையும் களிமண்ணுக்கும், பொன்னுக்கும் செம்புக்கும் அச்சொல் ஒன்றே. பதத்தைக் கண்ணும் செவியும் கையும் கூடியே அறிய முடியும். அறிந்த பதத்துக்குக் காரணங் கூறுவதோ விஞ்ஞானத்தின் பணி. இவ்விரண்டும் வேறுவேறு வகுப்பறைகளிற் பிரிந்து கிடப்பின் கை ஊமையாகும். நூலறிவு வெறும் மனனமாகும். இரண்டையும் ஒருங்கு கற்பித்தற்கு மென்னுலோகங்களைப் போல எளிய கருவி பிறிதில்லை.

கைப்பணி வகுப்பில் மென்னுலோகங்கள் எனக் கொள்ளப்படுவன பெரும்பாலும் செம்பு, அலுமினியம், ஈயம், வெள்ளீயம், நாகம், பித்தளை என்பன. பொன்னும் வெள்ளியும் இவ்வினத்தனவே. விலைதான் அவற்றை வகுப்பறைக்குப் புறத்தே நிறுத்துகின்றது. சோடியமும் பொற்றாசியமும் கத்தியால் வெட்டத்தக்க மென்மையுடையனவேனும், காற்றோடும் நீரோடும் விரைந்து தாக்கமுறுதலின் உருவாக்கும் தொழிலுக்கு ஆகா. தமிழர் ஐம்பொன் என எண்ணிய பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்னும் ஐந்தனுள் இரும்பொழிந்த நான்கும் மென்னுலோகங்களாதல் கருதத்தக்கது. பெரிய உலையும் வலிய பட்டடையும் இன்றியே இவற்றை உருவாக்கலாமாதலால், பதின்மூன்று பதினான்கு வயது மாணவரும் இத்தொழிலிற் பழகலாம்.

பொன்னின் மென்மையை ஒரு சிறு கணக்கால் உணர்த்தலாம். பொற்றகட்டை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள இதழாக அடித்தல் கைவல்லார்க்கு இயலும். ஒரு கன சதமமீற்றர் பொன்னின் நிறை 19.3 கிராம். எனவே ஒரு கிராம் பொன் ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் பரப்பை மூடும் இதழாகும். இக்கணக்கை மாணவன் தானே செய்து விடை காண்பானாயின், தகடாகும் தன்மை என்னுஞ் சொற்றொடர் அவனுக்கு அளவும் வடிவும் உடைய உண்மையாகிவிடும்.

இனி, ஒரு பாடவேளைக்குள் வகுப்பிற் செய்து காட்டத்தக்க நான்கு சோதனைகளை நோக்கலாம். முதலாவது செம்பு பற்றியது. பென்சிற் பருமனுள்ள செம்புக் கோலொன்றைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டு மாணவன் கையிற் கொடுத்தால், அவன் அதனை வருத்தமின்றி வளைத்துவிடுவான். வளைந்த கோலை மீள நிமிர்த்துமாறு கூறின், எத்துணை முயன்றும் அவனால் அது முன்போல் நேராகாது. வளைந்த இடம் வன்மைபெற்று விட்டமையால், கோல் அவ்விடத்தை விட்டு அதன் இருமருங்கும் வளையும். ஒருமுறை வளைத்ததனாலேயே பொருள் மாறிவிட்டது என்பதனை அவன் தன் மணிக்கட்டால் அறிகின்றான்.

இரண்டாவது ஈயம். ஈயக் கீற்றொன்றை எத்துணை முறை வளைத்து நிமிர்த்தினும் அது செம்பைப் போல இறுகுவதில்லை. மூன்றாவது நாகம். வார்த்த நாகம் சாதாரண வெப்பநிலையில் அடித்தால் நொறுங்கும். 100 முதல் 150 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் தகடாகும். 200 பாகையைக் கடந்தால் மீண்டும் நொறுங்கும். இவ்வுண்மையைத் துணைக்கொண்டே 1805 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் நாகத்தைத் தகடாக உருட்டும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெறப்பட்டது. நான்காவது வெள்ளீயம். அதன் கோலைச் செவியருகே வைத்து வளைத்தால் மெல்லிய முறுமுறுப்பொலி கேட்கும். உள்ளேயுள்ள பளிங்குகள் திடீரெனத் திசைமாறி இரட்டைப் பளிங்குகளாவதால் எழும் ஒலி அது. வெள்ளீயம் 232, ஈயம் 327, நாகம் 420, அலுமினியம் 660, செம்பு 1085 பாகை செல்சியசில் உருகுவன. விரைவில் உருகுவதெல்லாம் மிக மென்மையானது என்று இவ்வட்டவணையைக் கண்டு முடிவுசெய்யும் மாணவனை நாகம் திருத்திவிடும்.

இவ்வேறுபாடுகளுக்குக் காரணம் யாது? உலோகம் முழுவதும் சிறு சிறு பளிங்குகளால் ஆயது. நாகம் பூசிய வாளியின் மேற்பரப்பிற் பூப்போலத் தோன்றும் திட்டுக்கள் அத்தகைய பளிங்குகளே. அவற்றைக் காண நுணுக்குக்காட்டியும் வேண்டா. 1899 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்சில் யூயிங், ரோசன்ஹெயின் என்னும் இருவர், மெருகிட்ட உலோகத்தை இழுத்து நுணுக்குக்காட்டியால் நோக்கி, பளிங்குகளின் முகத்தில் மெல்லிய இணைகோடுகள் தோன்றுவதைக் கண்டனர். சீட்டுக்கட்டிற் சீட்டுக்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குவதுபோல, பளிங்கினுள்ளே படைகள் வழுக்குவதன் அடையாளம் அக்கோடுகள் என விளக்கினர். 1912 ஆம் ஆண்டில் லவே என்பாரின் கருத்தைத் தொடர்ந்து எக்சு கதிர்களாற் பளிங்குகளை ஆராயும் வழி பிறந்தது. 1914 ஆம் ஆண்டில் லோரன்சு பிராக் செம்பின் அணுவமைப்பைத் துணிந்தார்.

சந்தையிலே தோடம்பழங்களைக் குவித்து அடுக்கும்போது ஒவ்வொரு பழமும் கீழுள்ள பழங்களின் இடைக்குழியில் அமர்வதைக் காணலாம். செம்பின் அணுக்களும் ஏறத்தாழ அவ்வாறே அடுக்குண்டு கிடக்கின்றன. பொன், வெள்ளி, அலுமினியம், ஈயம் ஆகியவற்றுக்கும் அதே அமைப்பு. அவ்வமைப்பில் அணுக்கள் நெருங்கிய தளங்கள் நான்கு திசைகளில் உள்ளன. ஒவ்வொரு தளத்திலும் வழுக்குதற்கு மூன்று நெறிகள் உள்ளன. எப்பக்கத்திலிருந்து அடி விழுந்தாலும் ஏதேனும் ஒரு தளம் இணங்கி வழுக்கும். நாகத்தின் பளிங்கு அறுகோண அமைப்பினது. சாதாரண வெப்பநிலையில் அதில் எளிதாக வழுக்கும் தளம் ஒருதிசைக்கே உரியது. ஆதலின் அது அடிக்கு இணங்காது பிளக்கின்றது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. ஒரு படை முழுவதும் ஒரே கணத்தில் மற்றொரு படைமீது வழுக்குவதாயின் அதற்கு வேண்டிய விசையைக் கணக்கிடலாம். உண்மையான மென்பளிங்குகளோ அவ்விசையின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த விசைக்கு வழுக்கிவிடுகின்றன. 1934 ஆம் ஆண்டில் டெயிலர், ஒரோவன், பொலானி என்னும் மூவர் தனித்தனியே இப்புதிருக்கு விடை கண்டனர். பளிங்கின் அணுவரிசைகளில் ஆங்காங்கே பிறழ்ச்சிகள் உள்ளன. படை முழுவதும் ஒருங்கு பெயராது, அப்பிறழ்ச்சி மாத்திரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கின்றது என்பதே அவ்விடை. மயிர்க்கொட்டி தன் உடல் முழுவதையும் ஒரே வேளையில் தூக்கி வைப்பதில்லை. முதுகின் மடிப்பொன்று வாலிலிருந்து தலைக்குச் செல்ல, உடல் ஓரடி முன்னேறிவிடுகின்றது. உலோகமும் அவ்வாறே சிறு முயற்சியாற் பெருமாற்றம் அடைகின்றது. 1956 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்சில் பீற்றர் கேர்சும் அவருடன் உழைத்தோரும் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, இப்பிறழ்ச்சிகள் நகர்வதைக் கண்ணாற் கண்டனர்.

அடியால் இறுகுவதற்கும் காரணம் இங்கேயே உண்டு. ஒவ்வோர் அடியும் பிறழ்ச்சிகளை நகர்த்துவதோடு அவற்றைப் பெருக்கவுஞ் செய்கின்றது. காய்ச்சி ஆற்றிய உலோகத்தில் ஒரு சதுர சதமமீற்றரை ஊடறுக்கும் பிறழ்ச்சிகள் பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி வரை இருக்குமாயின், நன்கு அடிபட்ட உலோகத்தில் அவை இலட்சங் கோடி வரை பெருகும். ஒடுங்கிய தெருவில் வண்டிகள் பெருகின் ஒன்றையொன்று தடுத்து யாவும் நின்றுவிடுதல் போல, பிறழ்ச்சிகளும் ஒன்றோடொன்று சிக்கி அசைவற்று நின்றுவிடுகின்றன. வழுக்கல் அருகும், செம்பின் வன்மை ஏறத்தாழ இருமடங்காகும், மேலும் அடிப்பின் இணங்க வழியின்றி வெடிக்கும். அதனைச் செந்நிறமாகக் காய்ச்சும்போது அணுக்கள் துடிப்புற்று, சிக்குண்ட பழைய பளிங்குகளின் இடத்தே புதிய பளிங்குகள் முளைத்து வளர்கின்றன. செம்பு உருகவில்லை, உருகுதற்குரிய வெப்பநிலையின் அருகே செல்லவுமில்லை. எனினும் அதன் உட்கட்டடம் முழுவதும் இடிந்து புதிதாக எழுந்துவிடுகின்றது. ஈயத்துக்கோ இப்புதுப்பிறப்புக்குச் சாதாரண வெப்பநிலையே போதும். அடிபட்ட ஈயம் அடிபட்ட சிறிது நேரத்திலேயே தன்னைத் தானே ஆற்றிக்கொள்வதனாற்றான் அது இறுகுவதில்லை.

இவையனைத்தையும் கரும்பலகையில் எழுதியே விளக்கவேண்டும் என்பதில்லை. 1947 ஆம் ஆண்டில் பிராக், நை என்னும் இருவர் சவர்க்கார நுரையைக் கொண்டே இதனைக் காட்டினர். அகன்ற தட்டிற் சவர்க்காரக் கரைசலை ஊற்றி, நுண்ணிய துளையுள்ள குழாயைக் கரைசலுள் அமிழ்த்தி, மாறா அமுக்கத்திற் காற்றைச் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள, ஒரேயளவான குமிழிகள் எழுந்து தாமாகவே நெருங்கி ஒழுங்காக அடுக்குறும். அப்பரப்பிலே பளிங்கும், பளிங்குக்கும் பளிங்குக்கும் இடையிலுள்ள எல்லையும், அணுவில்லா வெற்றிடமும் தெளிவாகத் தெரியும். இரு பக்கத்திலும் மெல்ல நெருக்கினால், வரிசைப் பிறழ்ச்சியொன்று பரப்பின் குறுக்கே ஓடி மறையும். கலக்கிவிட்டால் சிறு பளிங்குகள் பல தோன்றி, ஆறவிட அவை பெரியனவாய் வளரும். ஒரு தட்டும் ஒரு குழாயும் சிறிது சவர்க்காரமும் உடைய எப்பாடசாலையும் இதனைச் செய்யலாம்.

காரணம் விளங்கிய பின்னர் கிண்ணம் செய்யப் புகும் மாணவன் வேறொரு மாணவனாகிவிடுகின்றான். ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் 15 சதமமீற்றர் விட்டமும் உள்ள செம்பு வட்டமொன்று அவனுக்குப் போதும். முதலில் அதனைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துகின்றான். உருக்கை இவ்வாறு செய்தால் வன்மைபெறும் என்று கேட்டறிந்தவன், செம்பு அதற்கு மாறாக மென்மையாயிருத்தலைக் கண்டு வியப்பான். உருக்கிலே கரி கலந்திருத்தலால் விரைந்து குளிர்விக்கும்போது அதன் பளிங்கமைப்பு வேறுபடுகின்றது. தூய செம்பில் அத்தகைய மாற்றமில்லை. நீர், மேலே படிந்த கரிய ஒட்சைட்டை உதிர்ப்பதற்கே உதவுகின்றது. எஞ்சிய கறையை ஐதான சல்பூரிக்கமிலத்தாலோ பழப்புளிக் கரைசலாலோ நீக்கலாம். இளைய மாணவர்க்குப் புளியே தக்கது. அமிலத்தைக் கையாளுமிடத்து அமிலத்தையே நீரில் விடல்வேண்டும். நீரை அமிலத்தில் விடலாகாது. பலமுறை பயன்பட்ட அவ்வமிலத்துள் இரும்புக் குறட்டை நுழைத்தால், கரைந்திருக்கும் செம்பு அதன்மேற் படியும். அத்தவறும் தாக்கவீத வரிசையைக் கற்பிக்கும் ஒரு பாடமே.

குழிந்த மரக்கட்டையின்மேல் வட்டத்தை வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக, ஓரளவான அடிகளால் தட்டிச் செல்லல் வேண்டும். ஓரத்தில் எழும் சுருக்கங்களை உடனுக்குடன் தட்டி நீக்காவிடின் அவை மடிந்து வெடிப்புக்கு இடமாகும். ஒரு சுற்று முடியுமுன்னரே ஓசை மாறத் தொடங்கும். மந்தமாக ஒலித்த செம்பு கணீரென ஒலிக்கும். சுத்தியலும் துள்ளித் திரும்பும். அதுவே மீண்டும் காய்ச்சவேண்டிய பதம். எத்தனை அடிக்குப் பின் காய்ச்சவேண்டும் என்று எந்நூலும் கூறாது, செவியே கூறும். விளிம்பின் விட்டம் குறையாமல் வட்டத்தை அரைக்கோளமாக்கினால் அதன் பரப்பு இருமடங்காகும். ஆகவே சராசரித் தடிப்பு அரை மில்லிமீற்றராகும். மாணவன் இதனை முன்னரே கணித்து எழுதிவைத்து, வேலை முடிந்தபின் நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளந்து பார்ப்பானாயின், நடுவில் ஓரளவும் விளிம்பில் வேறோரளவும் இருக்கக் காண்பான். தன் அடி எங்கே மிகுந்தது எங்கே குறைந்தது என்பதை அவ்வளவுகளே அவனுக்குக் காட்டிவிடும்.

ஏனைய உலோகங்களுக்கு வேறு கவனம் வேண்டும். அலுமினியம் செந்நிறமடைவதைக் காத்திருப்பவன் அதனை உருக்கியே விடுவான்; பகலொளியிற் சிவப்புத் தோன்றுமுன்னரே அது உருகும். ஆதலின் தகட்டின்மேற் சவர்க்காரத்தைத் தேய்த்துச் சூடாக்கி, அது கருங்கபில நிறமானவுடன் நெருப்பை நீக்கல் கைவினைஞர் வழக்கம். பித்தளையைச் சிவந்திருக்கும்போதே நீரிலிடின் சிலவேளை வெடிக்குமாதலால், சிவப்பு மறையும்வரை பொறுத்தல் நன்று. ஈயத்தின் தூளும் புகையும் உடலுக்கு நஞ்சு; சிறுவர்க்கு அதனாலாகும் கேடு மிகப் பெரிது. எனவே ஈயத்தை ஆசிரியர் மாத்திரம் கையாண்டு காட்டி, மாணவர்க்கு வெள்ளீயத்தையோ ஈயங்கலவாத வெள்ளீயக் கலப்புலோகத்தையோ கொடுத்தல் தகும். செம்புப் பாத்திரங்களுக்கு 'ஈயம் பூசுதல்' என வழங்கினும் பூசப்படவேண்டியது வெள்ளீயமே என்பதையும், புளிப்புணவு செம்பைக் கரைத்தலைத் தடுக்கவே அது பூசப்படுகின்றது என்பதையும் இவ்விடத்திற் கற்பிக்கலாம்.

கைப்பணியைக் கல்வியோடு இணைக்க முயன்றோர் பலர். 1868 ஆம் ஆண்டில் மொஸ்கோவின் தொழினுட்பக் கலாசாலையில் விக்டர் தெலாவோசு, தொழிலை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் பயிற்சிகளாக வகுத்துக் கற்பித்தார். 1876 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் அம்முறையைக் கண்ட அமெரிக்கர் அதனைத் தம் கலாசாலைகளுக்குக் கொண்டுசென்றனர். சுவீடனில் நாசு என்னுமிடத்தில் ஒட்டோ சலமன் வேறுவழி கண்டார். வெறும் பயிற்சித் துண்டுகளை விடுத்து, சிறிதாயினும் வீட்டுக்குப் பயன்படும் முழுப்பொருளொன்றை மாணவன் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் 1884 ஆம் ஆண்டிற் கெசிக்கு என்னும் ஊரில் உரோன்சிலி தம்பதியர் தொடங்கிய மாலை வகுப்பு, குளிர்காலத்தில் வேலையற்றிருந்த உழைப்பாளருக்குச் செம்பில் உருவெழுப்பும் தொழிலைக் கற்பித்தது. அது பெரிய கைப்பணிக் கலாசாலையாக வளர்ந்து 1984 ஆம் ஆண்டு வரை நிலைத்தது. 1890 ஆம் ஆண்டில் நியூலின் என்னும் கடற்கரையூரில் மீனவர்க்கென எழுந்த செம்பு வகுப்பும் அத்தகையதே. மொஸ்கோ ஒழுங்கை அளித்தது. நாசும் கெசிக்கும் பயனையும் அழகையும் அளித்தன. காரணத்தை அளித்தது பௌதிக ஆய்வுகூடம். மூன்றும் கூடுமிடமே நிறைவான வகுப்பறை.

தமிழர் வாழ்விலும் இவ்வறிவு தொன்றுதொட்டு இருந்தே வந்துள்ளது. பொற்கொல்லர் வரவரச் சிறுக்கும் துளைகளையுடைய உருக்குத் தட்டினூடே கம்பியை இழுப்பர்; சில துளைகள் கடந்தபின் அதனைச் சுருட்டி நெருப்பிற் காட்டி ஆற்றியே மேலும் இழுப்பர். கன்னார் பித்தளையைத் தட்டுமிடத்தும் அவ்வாறே. யாழ்ப்பாண நகரின் கன்னாதிட்டி இன்றும் நகைத்தொழிலுக்குப் பேர்பெற்ற இடம். டெயிலரும் ஒரோவனும் பிறக்குமுன்னரே, பிறழ்ச்சிகளை நீக்கும் வழியை இக்கைகள் அறிந்திருந்தன. அறிந்தது தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதேயன்றிப் பாடசாலையினுட் புகவில்லை. எழுதுகோல் பிடித்த கை உயர்ந்தது, சுத்தியல் பிடித்த கை தாழ்ந்தது என்ற எண்ணமே அதற்குத் தடையாய் நின்றது. அதனால் இழந்தோர் இருபாலாருமே. பட்டறையிலிருந்தவன் தான் அறிந்ததற்குக் காரணம் அறியாது நின்றான். வகுப்பறையிலிருந்தவன் காரணங் கற்றும் பொருளை அறியாது நின்றான். கைவினைஞரை மாதத்தில் ஒருநாளேனும் வகுப்புக்கு அழைத்து, அவர் செய்வதை மாணவர் கண்டு, அதன் காரணத்தை ஆசிரியர் விளக்குவாராயின், அச்சுவர் மெல்ல மெல்லத் தகரும்.

இத்தகைய வகுப்பைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குழிந்த மரக்கட்டைகள் சிலவும், மரச் சுத்தியல்களும், ஒரு குறடும், வாயு விளக்கொன்றும், பழுதாய்ப்போன செம்புப் பொருள்களினின்றும் வெட்டிய தகடுகளும் போதும். அவற்றினும் இன்றியமையாதது ஒரு குறிப்பேடு. அடிக்குமுன் என்ன நிகழும் என்று மாணவன் கருதினான், நிகழ்ந்தது யாது, எத்தனை முறை காய்ச்சினான், எங்கே வெடித்தது, ஏன் என்பன அதில் எழுதப்படல் வேண்டும். மதிப்பெண் வழங்குமிடத்துக் கிண்ணத்தின் அழகைவிட அக்குறிப்பின் நேர்மையே முதன்மை பெறுதல் வேண்டும். வெடித்த கிண்ணத்தின் காரணத்தைச் சரிவர எழுதியவன், காரணமறியாது நல்ல கிண்ணம் செய்தவனிலும் குறைந்தவனல்லன்.

செம்பு யார் கையிற் கிடப்பினும் ஒரே விதிக்கே கட்டுப்படும். செல்வன் மகனென்று அது விரைந்து இளகுவதில்லை. பரீட்சையில் முதல்வனென்று வெடியாது நிற்பதுமில்லை. பதமறிந்து தட்டுவார்க்கு இணங்கும், அறியாதார்க்கு இறுகும். அவ்வுண்மையைத் தன் கையாலும் அறிவாலும் ஒருங்கே உணர்ந்த மாணவன், உலோகத்தின் இயல்புகளைக் கூறுமாறு பின்னொருநாள் வினவப்படும்போது, மனனஞ் செய்த வரிகளைத் தேடமாட்டான். தான் கண்டதையே கூறுவான்.